சுழி பார்த்து மாடு வாங்கும் கம்பனிகள்

மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் முதலில் பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பான். கொம்பைப் பார்ப்பான், குளம்பைப் பார்ப்பான். பழைய நம்பிக்கை உடையவனாயின் உடம்பிலுள்ள சுழிகளையும் எண்ணிப் பார்ப்பான். ஆனால் எதைப் பார்த்தாலும், ஈற்றில் ஏரிலே பூட்டி இரண்டு சால் உழுது பாராமல் மடியிலுள்ள பணத்தை அவிழ்க்க மாட்டான். சுழி நன்றாக இருந்தும் சால் கோணலாகப் போகுமாயின் அந்த மாட்டினால் தனக்குப் பயனில்லை என்பதை அவன் அறிவான்.

நமது கமக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்துள்ள இவ்வுண்மையை, உலகிலே பெருஞ்செல்வம் படைத்த தொழில்நுட்பக் கம்பனிகள் நெடுங்காலம் அறியாதிருந்தன. இன்றும் அவை முற்றாக அறிந்துகொண்டன என்று சொல்வதற்கில்லை. உத்தியோகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்ய அவை நடத்தும் நேர்முகப் பரீட்சையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

“அமெரிக்கக் கம்பனிகள் ஆள் எடுக்கும் முறை நமக்கு எதற்கு?” என்று வாசகர் சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதுவினைஞர் பரீட்சைக்கும் வைத்தியக் கல்லூரிப் பிரவேசத்துக்குமே விளக்கெரித்துப் படித்தனர். இன்று அவர்களிற் பலர் கணினித் துறையை நாடுகின்றனர். கொழும்பிலும் தொரன்றோவிலும் இலண்டனிலும் அவர்கள் தட்டும் கதவுகளுக்குப் பின்னால் இருப்பது, கலிபோர்னியாவிலும் சியாட்டிலிலும் உருவான அதே பரீட்சை முறைதான். ஆகவே இது பிறர் வீட்டுச் சங்கதியன்று.

ஒரு யுவதியின் அனுபவம்

எமக்கு அறிமுகமான யுவதி ஒருத்தி. தந்தையார் வெங்காயத் தோட்டக்காரர். உயர்தரம் வரை தமிழிலே பயின்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலே கணினி விஞ்ஞானம் கற்றுச் சித்தியெய்தியவள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். முதலில் தொலைபேசியில் ஒரு விசாரணை. அடுத்து, வீட்டிலிருந்து செய்து அனுப்பும்படி ஒரு வேலை. நான்கு இரவுகள் கண்விழித்து அதைச் செய்து முடித்தாள். அதற்குக் கூலி இல்லை. அதன்பின் கணினித் திரையின் முன் நான்கு சுற்று நேர்முகம். மூன்றாவது சுற்றில், தனக்குத் தெரிந்த கணக்கொன்றே கேட்கப்பட்டதாகவும், அறியாத ஒருவர் இமைகொட்டாது பார்த்துக்கொண்டிருக்கையில் கையும் அறிவும் ஒருங்கே உறைந்துவிட்டதாகவும் எம்மிடம் கூறினாள்.

அதன்பின் ஆறு வாரம் அரவமில்லை. ஏழாவது வாரம் இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை.

“எதிலே பிழைத்தது, பிள்ளை?” என்று தகப்பனார் கேட்டார்.

“தெரியாது ஐயா. அவர்கள் சொல்லவில்லை” என்றாள் மகள்.

வெங்காயம் அழுகினால் தண்ணீர் மிஞ்சியதா, நோய் விழுந்ததா, விதை பழுதா என்று தோட்டக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்வார். தம் மகளின் தோல்விக்கு மட்டும் அவரால் காரணம் காண முடியவில்லை. எம்மை எழுதத் தூண்டியது அந்த யுவதியின் தோல்வியன்று. தோல்வியின் காரணம் அவளுக்கு மறைக்கப்பட்டமையே.

எடிசன் முதல் கூகிள் வரை

இந்நோய் புதியதன்று. மின்விளக்கினாற் புகழ்பெற்ற தோமஸ் எடிசன், தம்மிடம் வேலை தேடி வந்த கல்லூரிப் பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கொண்ட பரீட்சை ஒன்றை வைத்தார். 1921 ஆம் ஆண்டில் அக்கேள்விகள் பத்திரிகைகளில் வெளியாகி நாடெங்கும் வாதப்பொருளாயின. அவ்வாண்டு அமெரிக்கா சென்றிருந்த அல்பேர்ட் ஐன்ஸ்ரைனிடம் அவற்றில் ஒன்றான ஒலியின் வேகத்தைப் பற்றிய வினா கேட்கப்பட்டது. புத்தகத்திற் பார்த்து அறியக்கூடிய ஒன்றைத் தாம் மனத்திற் சுமப்பதில்லை என்று அவர் விடையளித்தார். எடிசனின் கணக்கின்படி ஐன்ஸ்ரைன் தவறியவர்! பரீட்சையிற் பிழையா, ஐன்ஸ்ரைனிற் பிழையா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

பிற்காலத்தில் வேறொரு மோகம் பிடித்தது. வீதியிலுள்ள பாதாளச் சாக்கடையின் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? ஓர் ஆகாயவிமானத்துள் எத்தனை கோல்ப் பந்துகளை அடைக்கலாம்? இவ்வாறான விடுகதைகளை விடுத்து விடையைக் கொண்டு மூளையை நிறுக்கலாம் என மைக்ரோசொவ்ட், கூகிள் முதலிய கம்பனிகள் எண்ணின. கூகிளில் ஆளணிப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த லாஸ்லோ பொக், 2013 ஆம் ஆண்டில் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த செவ்வியில் உண்மையை ஒப்புக்கொண்டார். விடுகதைகளால் ஒருவரின் வேலைத் திறனைச் சிறிதும் முன்னறிய முடியவில்லை என்றும், கேட்பவர் தம்மைக் கெட்டிக்காரர் என எண்ணி மகிழவே அவை உதவின என்றும் அவர் கூறினார். பல்லாயிரம் நேர்முகங்களை ஆராய்ந்ததில், பரீட்சகர் இட்ட புள்ளிக்கும் சேர்ந்தவர் பின்னர் ஆற்றிய பணிக்கும் தொடர்பே காணப்படவில்லை என்பதும் அவர் வெளியிட்ட செய்தி.

சுழி பார்த்துத்தான் மாடு வாங்கினோம் என்று கம்பனியே ஒப்புக்கொண்டது. ஆயின், அதற்கு முன் சுழி பிழையென்று திருப்பி அனுப்பப்பட்ட வாலிபர்க்கு நட்டஈடு கொடுத்தார் யார்?

வெண்பலகைக்கு முன்னால்

விடுகதை போயிற்று, வெண்பலகை நிலைத்தது. விண்ணப்பதாரியைப் பலகை முன் நிறுத்தி, அல்லது திரையின் முன் இருத்தி, முக்கால் மணி நேரத்துள் ஒரு கணக்குக்கு நிரல் எழுதச் சொல்வர். எழுதும்போதே தம் எண்ணத்தை அவர் வாய்விட்டும் சொல்ல வேண்டும். இவ்வாறு ஒரே நாளில் நான்கைந்து சுற்றுகள் நடைபெறுவதுண்டு.

2015 ஆம் ஆண்டில் மாக்ஸ் ஹோவல் என்னும் நிரலாளர் தம் அனுபவத்தை உலகறியச் சொன்னார். அப்பிள் கணினிகளில் மென்பொருள்களை நிறுவ உதவும் ‘ஹோம்புரூ’ என்னும் கருவியை ஆக்கியவர் அவர். கூகிளின் பொறியியலாளர்களிற் பெரும்பாலோர் தம் கருவியைப் பயன்படுத்துகின்றனர் என்றும், கிளைகளாகப் பிரியும் தரவு மரம் ஒன்றை இடம் வலமாக மாற்றிக் காட்ட வெண்பலகையில் தம்மால் முடியாமையால் அதே கம்பனி தம்மை நிராகரித்தது என்றும் அவர் குறைப்பட்டார். இஃது ஒரு பக்கத்துக் கூற்றே. எனினும் ஆயிரக்கணக்கான நிரலாளர் அதிலே தம் சொந்தக் கதையைக் கண்டனர்.

கூற்றை விட்டுச் சான்றுக்கு வருவோம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொவ்ட்டும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கணினி விஞ்ஞான மாணவர் 48 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் பரீட்சகர் பார்த்திருக்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டு வெண்பலகையில் எழுதினர். மற்றக் கூற்றினர் அதே கணக்கைத் தனியறையில் அமைதியாகச் செய்தனர். பிறர் பார்வைக்கு உட்பட்டோரின் திறமை பாதிக்கு மேல் வீழ்ந்தது. பிறர் முன்னிலையில் எழுதிய பெண்களில் ஒருவர்தானும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். தொகை சிறிது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்தப் பரீட்சை எதை அளந்தது? நிரல் எழுதும் ஆற்றலையா, அந்நியர் பார்வையைத் தாங்கும் ஆற்றலையா?

நமது யுவதியின் கை உறைந்ததற்கு அறிவுக் குறைவு காரணமன்று எனக் கருத இங்கே இடமுண்டு. போதாக்குறைக்கு, தமிழிலே சிந்திக்கப் பழகிய பிள்ளை, சிந்தனை ஓடும்போதே அதை ஆங்கிலத்திற் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆங்கிலம் பேசும் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு ஒரு சுமை. நம் பிள்ளைக்கு இரண்டு. சுமை இரண்டாயினும் தராசு ஒன்றே.

தராசு எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு இன்னோர் உதாரணம் கூறுவோம். யாகூவில் வேலை பார்த்த பிறையன் அக்ரன் 2009 ஆம் ஆண்டில் பேஸ்புக்கில் உத்தியோகம் தேடிச் சென்றார், இல்லையென்று அனுப்பப்பட்டார். அவரும் நண்பர் ஜான் கூமும் சேர்ந்து வளர்த்ததே வட்ஸ்அப். 2014 ஆம் ஆண்டில் அதே பேஸ்புக் அதனை ஏறக்குறைய 1,900 கோடி டொலருக்கு வாங்க முன்வந்தது. சம்பளத்துக்கு வேண்டாம் என்று அனுப்பிய ஆளை, ஐந்தாண்டின் பின் பெருஞ்செல்வம் கொடுத்துக் கொள்ள வேண்டி வந்தது.

கம்பனிகளின் நியாயம்

எதிர்ப்பக்க நியாயத்தையும் நாம் கூறாமல் விடுவது முறையன்று. ஒரு வெற்றிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. பட்டமும் சான்றிதழும் கையிலிருந்தும் எளிய நிரல் ஒன்றை எழுதத் தெரியாதோர் அவற்றிடையே உளர். ஒன்று முதல் நூறு வரை எண்களை அச்சிடுக. மூன்றின் மடங்குக்கு ஒரு சொல்லும் ஐந்தின் மடங்குக்கு வேறொரு சொல்லும் இடுக என்னும் சிறு கணக்கிலேயே பலர் தடுமாறுகின்றனர் என 2007 ஆம் ஆண்டில் நிரலாளர் சிலர் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. தகுதியற்றவரைச் சேர்த்துக்கொண்டால் நட்டம் கம்பனிக்கே. அண்மைக் காலத்திலோ, செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைத் திரைமறைவில் வைத்துக்கொண்டு விடை சொல்லும் களவும் பெருகியுள்ளது. குறைந்தது ஒரு சுற்றையேனும் நேரில் நடத்த வேண்டியுள்ளது என்று கூகிளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025 ஆம் ஆண்டில் கூறியதற்கு இதுவே காரணம். களவு செய்யும் விண்ணப்பதாரிக்காக நாம் வாதாட வரவில்லை. அவர் கெடுப்பது, முதலில், நேர்மையாகப் படித்த தம் தோழர் பிழைப்பையே.

பரீட்சையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏரிலே பூட்டிப் பாருங்கள் என்றே சொல்கிறோம். வரப்போகும் வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லுவதும், முன்கூட்டி வகுத்த ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேட்டு ஒரே அளவுகோலாற் புள்ளியிடுவதும், மனம்போன போக்கில் உரையாடி ஆளை மதிப்பதிலும் நம்பத்தக்கவை என்று 85 ஆண்டுகால ஆராய்ச்சிகளைத் திரட்டி ஷ்மிட், ஹன்ரர் என்னும் உளவியலறிஞர் இருவர் 1998 ஆம் ஆண்டிலேயே காட்டினர். சாக்கெற் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2022 ஆம் ஆண்டில் அக்கணக்குகளைத் திருத்தி ஆராய்ந்தபோதும், ஒழுங்குபடுத்திய நேர்முகமே முன்னிலையில் நின்றது. நான்கு நேர்முகத்துக்கு மேல் நடத்துவதாற் பெறும் பயன் மிகச் சொற்பம் என்று கூகிளே தன் தரவுகளிலிருந்து கண்டுகொண்டது. வழி தெரியாமையால் அன்று, வழக்கத்தை விட மனமில்லாமையாலேயே பல கம்பனிகள் பழைய தடத்திற் செல்கின்றன.

இயந்திரம் பரீட்சகராகும்போது

மனிதரின் கோணலைத் திருத்த இயந்திரத்தைப் பரீட்சகராக்கினால் என்ன என்று கேட்பாருளர். அமேசன் கம்பனி அதையும் செய்து பார்த்தது. 2014 ஆம் ஆண்டு முதல், விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் பொறி ஒன்றை அது உருவாக்கி வந்தது. பத்தாண்டு கால விண்ணப்பங்களை அப்பொறிக்குப் பாடமாக ஊட்டினர். அவற்றிற் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே பொறியும் ஆண்களே மேல் என்று கற்றுக்கொண்டது. ‘பெண்கள்’ என்னும் சொல் வரும் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. முயற்சி கைவிடப்பட்டது என்பதை 2018 ஆம் ஆண்டில் றொயிற்றர் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. ஹயர்வியூ என்னும் கம்பனி, விண்ணப்பதாரியின் முகக்குறிகளை இயந்திரத்தால் ஆராய்ந்து மதிப்பிட்டு வந்தது. கண்டனங்கள் எழுந்தபின் அம்முறையைக் கைவிட்டதாக 2021 ஆம் ஆண்டு தை மாதத்தில் அறிவித்தது.

பழைய பரீட்சகரின் பிழையைக் கற்ற பொறி, அதே பிழையை விரைவாகவும் களைப்பின்றியும் செய்யும். மனிதப் பரீட்சகரிடம் முகம் பார்த்து ஒரு நியாயம் கேட்கலாம். இயந்திரத்திடம் அதுவும் இயலாது.

நாம் கேட்பவை

கம்பனிகளிடம் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, எதனைப் பரீட்சிக்கப் போகின்றனர் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாடத்திட்டம் இல்லாத பரீட்சை நம் பாடசாலைகளில் நடந்தால் பெற்றார் சும்மா இருப்பரா?

இரண்டாவது, பரீட்சை, செய்யப்போகும் வேலையை ஒத்திருக்க வேண்டும். தனியே அமர்ந்து சிந்திக்க வேண்டிய வேலைக்கு ஆளைத் தேடுவோர், தனியே அமர்ந்து சிந்திக்க இடமளித்துப் பின் அதைப்பற்றி உரையாடட்டும்.

மூன்றாவது, சில மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலையை வீட்டுக்குக் கொடுத்தால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். தோட்டத்தில் நான்கு நாள் கொத்துவித்து, “உன் கொத்து எமக்குப் பிடிக்கவில்லை” என்று வெறுங்கையோடு அனுப்பும் கமக்காரனை ஊர் என்ன சொல்லும்? நேரில் வரச்சொல்வதாயின் பிரயாணச் செலவையும் ஏற்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அச்செலவு, வேலை இல்லாத ஒருவருக்குச் சிறிதன்று.

நான்காவது, முடிவை உரிய காலத்திற் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

இவை நடவாத காரியங்கள் என்று எவரும் கூறற்க. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 25 பேருக்குக் குறையாத ஊழியரையுடைய வேலைகொள்வோர், நேர்முகத்துக்கு அழைத்த விண்ணப்பதாரிக்கு, தெரிவு முடிந்துவிட்டதா என்பதை 45 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்னும் சட்டவிதி 2026 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், காணொளி நேர்முகத்தை இயந்திர நுண்ணறிவால் ஆராய விரும்புவோர் அதை முன்கூட்டி அறிவித்து, விளக்கி, சம்மதம் பெற வேண்டும் என்ற சட்டம் 2020 ஆம் ஆண்டு முதல் உண்டு. ஒன்ராறியோ விதியும் காரணத்தைச் சொல்லும்படி கட்டளையிடவில்லை. ஆயினும் மௌனத்தை உடைத்தது. அங்கே சட்டமாகக்கூடியது இங்கே சட்டமாகக் கூடாதென்று எவரும் விதிக்கவில்லை. இந்நாட்டிலே கம்பனி நடத்தும் நம்மவர்க்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய நியாயமும் இல்லை. காரணத்தைச் சொல்லும் கடிதம் ஒன்றை எழுதக் கால் மணி நேரம் போதும். நேற்று அந்தக் கதிரையின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் தாமே அவர்கள்?

நமது வாலிபர்க்கும் யுவதியர்க்கும் ஒரு வார்த்தை. பயிற்சியை விடாதீர்கள். பிறர் பார்த்திருக்க எழுதிப் பழகுங்கள். நண்பர் இருவர் மாறி மாறிப் பரீட்சகராக இருந்து பழகினால் அந்நியர் பார்வையின் அச்சம் குறையும். கணக்கைத் தமிழிலே சிந்தித்து ஆங்கிலத்திலே விளக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழக நாளிலேயே தொடங்குங்கள். ஆனால் ‘இல்லை’ என்னும் கடிதத்தை உங்கள் அறிவுக்கு எழுதப்பட்ட தீர்ப்பாக ஒருபோதும் கொள்ளாதீர்கள். ‘ஆம்’ என்னும் கடிதமும் அத்தகையதே. அந்தச் சல்லடையில் தேறிச் சேர்ந்தோரை உள்ளடக்கியே, 2023 ஆம் ஆண்டு தை மாதத்தில் கூகிள் 12,000 பேரையும் மைக்ரோசொவ்ட் 10,000 பேரையும் விலக்கப்போவதாக அறிவித்தன. அவர்களுடைய அறிவு ஒரே இரவில் மங்கிவிடவில்லை.

பெற்றாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வெறுங்கையோடு திரும்பும்போது “எதிலே பிழைத்தாய்?” என்று கேட்குமுன், “உன்னை ஏரிலே பூட்டிப் பார்த்தார்களா, சுழி மாத்திரம் பார்த்தார்களா?” என்று கேளுங்கள். அந்த வெங்காயத் தோட்டக்காரர் இப்போது அப்படித்தான் கேட்கிறார். மகள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள்.